மின்னொளி கபடிக்கு எந்த லென்ஸ்?

கேள்வி: அண்ணா, வணக்கம். திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கல்யாண ஸ்டூடியோவில் வேலை பார்க்கிறேன். சொந்தமாக நிக்கான் டி5600 வைத்திருக்கிறேன். கூடவே 18-55 கிட் லென்ஸ், 70-300 (எஃப் 4.5-6.3) லென்ஸ். எங்கள் பக்கம் பொங்கல், கோயில் திருவிழா என்றால் மின்னொளி கபடி கட்டாயம் உண்டு. கமிட்டிக்காரர்கள் என்னைக் கூப்பிட்டு மேடையில் இடம் போட்டுக் கொடுக்கிறார்கள். ஆனால் எடுக்கும் படமெல்லாம் அலுங்கித்தான் வருகிறது. அலுங்காமல் வந்தால் இருட்டாக, புள்ளி புள்ளியாக இருக்கிறது. ஒரு படம் இணைத்திருக்கிறேன். மேடைக்கும் ஆட்டக்காரருக்கும் 25 மீட்டர் இருக்கும். 50 ஆயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். 150-600 வாங்கினால் தூரத்திலிருந்தே எடுக்கலாம் என்கிறார் ஒரு நண்பர். பழைய 80-200 எஃப் 2.8டி ஒன்று மலிவாக வருகிறது, அதை விடாதே என்கிறார் இன்னொருவர். லென்ஸ் வேண்டாம், கேமரா பாடியை மாற்று என்கிறார் முதலாளி. ஃபிளாஷ் போட்டால் தீருமா என்றும் யோசிக்கிறேன். பழைய லென்ஸ் வாங்கவும் பயமாக இருக்கிறது. ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்:

தம்பி, வணக்கம்.

முதலில் உங்கள் படத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். விடையில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது. பாடி வந்தவர், அதாவது கபடி கபடி என்று பாடிக்கொண்டு எதிரணிப் பக்கம் நுழைந்த ரெய்டர், கூடுதல் பாயிண்ட் தரும் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டுகிறார். கார்னரில் நிற்பவர் கணுக்காலைக் குறிவைத்துக் குனிந்துவிட்டார். பக்கத்தில் இருப்பவர் டேஷ் அடிக்க (தோளால் மோதி வெளியே தள்ள) கிளம்பிவிட்டார். அழுத்த வேண்டிய நேரத்தில் சரியாக அழுத்தியிருக்கிறீர்கள். கபடி தெரிந்தவர் எடுத்த படம் என்று பார்த்ததுமே தெரிகிறது. அந்த நேரக்கணக்கு கடையில் கிடைக்காது, அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இப்போது கெட்டுப்போன இடத்தைப் பாருங்கள். பாடி வந்தவரின் இடுப்பும் நெஞ்சும் ஓரளவு தெளிவாக இருக்கின்றன. நீட்டிய காலும் பிடிக்கப் போகும் இரண்டு கைகளும் மட்டும் இழுபட்டுப் போயிருக்கின்றன. தரையில் போட்ட சுண்ணாம்புக் கோடு அலுங்கவே இல்லை. உங்கள் கை நடுங்கியிருந்தால் அந்தக் கோடும் சேர்ந்து அலுங்கியிருக்கும். ஆக, தப்பு கையில் இல்லை, ஷட்டர் ஸ்பீடில் இருக்கிறது. படத்தின் விவரத்தைத் திறந்தால் 300 மிமீ, எஃப் 6.3 (லென்ஸ் வாசலின் அளவு), 1/125 (ஷட்டர் திறந்திருக்கும் நொடி), ஐஎஸ்ஓ 6400 (வெளிச்சத்துக்கு கேமரா காட்டும் உணர்திறன்) என்று காட்டுகிறது. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போகும் ஒரு கை, 1/125 நொடிக்குள் 4 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படத்தில் நீங்கள் பார்க்கும் இழுவை அந்த 4 சென்டிமீட்டர்தான். அதே கை 1/1000 நொடியில் அரை சென்டிமீட்டர்தான் நகரும், கண்ணுக்கு உறுத்தாது. கபடிக்கு 1/500 என்பது குறைந்தபட்சம். பாடி வந்தவர் கோட்டோரம் நின்று நோட்டம் பார்க்கும்போது அது போதும். பிடி விழும் நொடிக்கு 1/800 வேண்டும். லென்ஸில் விஆர் (நடுக்கத்தைக் குறைக்கும் வசதி) இருந்தாலும் இதற்கு உதவாது. அது உங்கள் நடுக்கத்தைப் பிடிக்கும், ஆட்டக்காரரைப் பிடிக்காது.

அப்படியானால் 1/125-லிருந்து 1/800-க்குப் போக வேண்டும். ஆறு மடங்குக்கும் கொஞ்சம் அதிகமாக வெளிச்சம் வேண்டும். அதை எங்கிருந்து கொண்டுவருவது? ஐஎஸ்ஓ ஏற்கெனவே 6400-ல் நிற்கிறது. அதை 25600-க்கு ஏற்றினாலும் நாலு மடங்குதான் கிடைக்கும், படமும் கையில் நிற்காது. கம்பத்தில் விளக்கைக் கூட்டச் சொல்ல உங்களால் முடியாது. மிச்சம் இருப்பது அபெர்ச்சர், அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழையும் வாசல் ஒன்றுதான். எஃப் எண் சின்னதானால் வாசல் பெரிதாகும். எஃப் 6.3-லிருந்து 2.8-க்கு வந்தால் ஐந்து மடங்கு வெளிச்சம். எஃப் 2-க்கு வந்தால் கிட்டத்தட்ட பத்து மடங்கு. 1.8-க்கு வந்தால் பன்னிரண்டு மடங்கு. உங்கள் ஊர் விளக்கை வைத்தே சொன்னால், எஃப் 2.8 லென்ஸில் 1/800 எடுக்க ஐஎஸ்ஓ 8000 வேண்டியிருக்கும், எஃப் 2 லென்ஸில் 4000 போதும். டி5600-ல் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. 4000-ல் எடுத்த படத்தை ஃபிளெக்ஸ் அடிக்கக் கொடுக்கலாம். 8000-ல் எடுத்ததைச் சுத்தம் செய்து வாட்ஸ்ஆப்பில் போடலாம், அதற்கு மேல் போனால் முகத்தில் தோல் போய் மெழுகாகிவிடும்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நண்பர்கள் சொன்ன லென்ஸ்களைப் பார்ப்போம்.

150-600 வேண்டாம். சிக்மா, டாம்ரான் இரண்டிலும் அது எஃப் 5-லிருந்து 6.3 வரை போகும் லென்ஸ். பகலில் பறவை எடுக்க அருமையான சாமான். மின்னொளிக்கு வந்தால், இப்போது உங்களிடம் இருக்கும் 70-300-ஐவிட வெளிச்சத்தில் ஒரு பலனும் இல்லை, தூரம் மட்டும் கூடும். உங்களுக்குத் தூரம் குறையே இல்லை.

80-200 எஃப் 2.8டி-யை நிச்சயமாக வாங்காதீர்கள். கண்ணாடியில் அதற்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் பத்திரிகைக்காரர்கள் தோளில் கிடந்த லென்ஸ், இன்றைக்கும் படம் நன்றாக வரும். ஆனால் அந்த லென்ஸுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. கேமரா பாடிக்குள் இருக்கும் மோட்டார் ஒரு சின்ன திருகைச் சுழற்றித்தான் அதை ஃபோகஸ் செய்யும். நிக்கானின் டி3000, டி5000 வரிசைப் பாடிகளில் அந்த மோட்டாரே இல்லை. டி5600-ல் மாட்டினால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது, கையால் திருகிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கபடியில் அது நடக்கிற காரியம் இல்லை. 85 எஃப் 1.8டி, 180 எஃப் 2.8டி இவற்றுக்கும் இதே கதைதான். எனவே நிக்கான் லென்ஸ் பழையதாக எது வந்தாலும் உடம்பில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மலிவாக வருகிறது என்று இப்படி ஒரு லென்ஸை வாங்கிவிட்டு முழிக்கும் பையன்களை நிறையப் பார்க்கிறேன். விற்பவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். அவர் பாடியில் அது நன்றாகத்தான் ஓடியிருக்கும்.

சரி, அப்புறம் எதை வாங்குவது? அதற்கு முன்னால் நீங்கள் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது, அதற்குக் காசு ஆகாது. மேடையை விட்டு இறங்குங்கள்.

கமிட்டிக்காரர்கள் மரியாதையாகத்தான் மேடையில் இடம் தருகிறார்கள். ஆனால் உங்கள் பிரச்சினை அத்தனையும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. 25 மீட்டர் தள்ளி உட்கார்வதால் 300 மிமீ தேவைப்படுகிறது. 300 மிமீ போனதால் எஃப் 6.3 ஆகிவிடுகிறது. ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பெண்களுக்கு 12-க்கு 8. விளையாட்டுகளிலேயே இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு நடக்கிறது என்றால் அது கபடிதான். 25 மீட்டரிலிருந்து 300 மிமீ லென்ஸ் எந்த அளவு காட்சியைத் தருகிறதோ, அதே அளவு காட்சியை 7 மீட்டரிலிருந்து 85 மிமீ லென்ஸ் தந்துவிடும். வெளிச்சமோ பன்னிரண்டு மடங்கு.

அந்த 7 மீட்டர் எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். ஒரு பக்கத்துக் கடைசிக் கோட்டுக்குப் பின்னால், கார்னரை ஒட்டி, 2 மீட்டர் தள்ளித் தரையில் உட்காருங்கள். நடுக்கோட்டிலிருந்து பாக் லைன் (ரெய்டர் தாண்ட வேண்டிய கோடு) 3.75 மீட்டர், அதற்கு ஒரு மீட்டர் தள்ளி போனஸ் கோடு. களத்தின் மத்தியில் பாக் லைனைத் தாண்ட வருபவர் உங்களிடமிருந்து ஏறக்குறைய 7 மீட்டரில் இருப்பார், போனஸுக்குக் காலை நீட்டினால் 6 மீட்டர் சொச்சம். 85 மிமீ லென்ஸ் உங்கள் பாடியில் 7 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 1.9 மீட்டர் அகலம், 1.3 மீட்டர் உயரம் பிடிக்கும். குனிந்து பாடும் ஆளும், காலைப் பிடிக்கப் பாய்பவரின் முகமும் அதற்குள் வந்துவிடும். கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பினால் நிற்கும் ஆள் தலை முதல் கால் வரை வருவார். அதே இடத்திலிருந்து 200 மிமீ வைத்தால் முகமும் தோளும்தான் கிடைக்கும், பிடி எங்கே விழுந்தது என்றே படத்தில் தெரியாது.

அங்கே உட்கார்ந்தால் இன்னொரு லாபமும் உண்டு. பாடி வருபவர் உங்களைப் பார்த்து வருகிறார். மூச்சை அடக்கிய முகம், கன்னம், கண் எல்லாம் நேரே கிடைக்கும். எதிர்ப் பக்கம் நடக்கும் ரெய்டை விட்டுவிடுங்கள், அங்கே முதுகுதான் தெரியும். பாதி ஆட்டம் முடிந்ததும் அணிகள் பக்கம் மாறும், அப்போது மற்ற அணியின் ரெய்டர்கள் உங்களை நோக்கி வருவார்கள். நீங்கள் இடம் மாறவே வேண்டாம். முதல் ஆட்டம் தொடங்குமுன் நடுவரிடம் போய் இங்கே உட்காரப் போகிறேன் என்று சொல்லிவிடுங்கள். 2 மீட்டர் என்று சொன்னதைக் குறைக்காதீர்கள். செயின் போட்டு (கைகோத்து நின்று) தள்ளும்போது நாலு பேர் மொத்தமாகக் கோட்டுக்கு வெளியே வந்து விழுவார்கள். உங்கள் லென்ஸைவிட அவர்கள் முழங்கால் முக்கியம்.

ஆக, நான் சொல்லும் லென்ஸ் நிக்கான் ஏஎஃப்-எஸ் 85 மிமீ எஃப் 1.8ஜி. எடை 350 கிராம்தான். பழையதாக நல்ல நிலையில் கிடைத்தால் உங்கள் 50 ஆயிரத்தில் பாதி மிஞ்சும். தூரத்தை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸ் கேட்ட உங்களுக்கு இது சப்பென்று இருக்கலாம். ஆனால் 50 ஆயிரத்துக்குள் மின்னொளி கபடிக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

இதற்கும் குறைகள் உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். ஃபோகஸ் பெரிய 70-200 எஃப் 2.8 லென்ஸ் அளவுக்கு விருட்டென்று ஓடாது. கபடியில் ஆள் உங்களிடமிருந்து 5 மீட்டருக்கும் 10 மீட்டருக்கும் நடுவில்தான் இருப்பார் என்பதால் சமாளிக்கலாம். இரண்டாவது, தெளிவாக இருக்கும் ஆழம் குறைவு. 7 மீட்டரில் எஃப் 2 வைத்தால் முன்னும் பின்னுமாகச் சேர்த்து அரை மீட்டர் சொச்சம்தான் தெளிவாக இருக்கும். 5 மீட்டருக்கு வந்துவிட்டால் அதில் பாதி. பாடுபவர் முகத்தில் ஃபோகஸ் இருந்தால் பின்னால் பாய்பவர் மங்கலாகத்தான் தெரிவார். எனவே யார் முகம் வேண்டும் என்று நீங்கள் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். நான் பாடுபவரின் நெஞ்சு எண்ணில் ஃபோகஸைப் பிடித்து வைப்பேன். முகம் அதே தூரத்தில்தான் இருக்கும், எண்ணுக்கும் பனியனுக்கும் உள்ள நிற வேறுபாட்டில் ஃபோகஸ் சட்டென்று பிடித்துக்கொள்ளும். பிடி விழுந்ததும் பிடித்தவரின் முகத்துக்கு மாறுவேன், ஏனென்றால் அதற்குப் பிறகு கதை அவருடையது.

மூன்றாவது குறை, ஜூம் கிடையாது. எதிர்ப் பாதியில் நடப்பது சின்னதாகத் தெரியும், காலடியில் வந்து விழுவது ஃபிரேமுக்கு வெளியே போகும். காலடிக்கு 50 மிமீ எஃப் 1.8ஜி ஒன்று இருந்தால் நல்லது. அது இன்னும் மலிவு, 7 மீட்டரில் 3.3 மீட்டர் அகலம் பிடிப்பதால் செயின் போட்ட மூன்று நாலு பேரும் ஒன்றாக வருவார்கள். மிஞ்சும் பணத்தில் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் களத்தோரம் லென்ஸ் மாற்றாதீர்கள். மண் தரையில் எழும் தூசி உள்ளே போய் சென்சாரில் உட்கார்ந்துவிடும். ஒரு பாதி ஆட்டம் 85, அடுத்த பாதி 50 என்று வைத்துக்கொண்டு, இடைவேளையில் தள்ளிப் போய் மாற்றுங்கள்.

எல்லோரும் சொல்லும் 70-200 எஃப் 2.8 பற்றியும் பேச வேண்டும். விளையாட்டுப் படம் எடுப்பவருக்கு அது ஒரு நாள் தேவைப்படும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கால்பந்துக்கு, ஹாக்கிக்கு, தடகளத்துக்கு அது இல்லாமல் முடியாது. புரோ கபடியில் தமிழ் தலைவாஸ் ஆடும் அரங்கம் மாதிரி, டிவிக்காக வெளிச்சம் போட்ட இடங்களில் எஃப் 2.8 தாராளமாகப் போதும், ஜூமின் வசதியும் கூடக் கிடைக்கும். ஆனால் நாலு மூலைக்கு நாலு கம்பம் நட்டு, ஜெனரேட்டரில் ஓடும் ஃபோகஸ் லைட் வெளிச்சத்தில் எஃப் 2.8 என்பது கரையைத் தொட்டும் தொடாத நிலைதான். புதுசாக நிக்கானுடையதை வாங்க உங்கள் பட்ஜெட் போல மூன்று மடங்காவது வேண்டும். டாம்ரானின் ஜி2 அதைவிடக் குறைவு, நல்ல லென்ஸ், ஆனாலும் 50 ஆயிரத்துக்குள் வராது. டாம்ரானின் முந்தைய மாடல், சிக்மாவின் ஓஎஸ் மாடல் இரண்டும் பழையதாக உங்கள் தொகைக்குப் பக்கத்தில் வரக்கூடும். முழுப் பணத்தையும் அதில் போட்டுவிட்டு ஐஎஸ்ஓ 8000-ல் நிற்பதை நான் சொல்ல மாட்டேன்.

தூரமும் வேண்டும், வெளிச்சமும் வேண்டும், விலையும் குறைய வேண்டும் என்றால் ஏன் முடியாது என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. லென்ஸின் மிமீயை எஃப் எண்ணால் வகுத்தால் வெளிச்சம் நுழையும் வாசலின் அகலம் வரும். 85-ஐ 1.8-ஆல் வகுத்தால் 47 மிமீ. உங்கள் 300-ஐ 6.3-ஆல் வகுத்தாலும் ஏறக்குறைய அதே 47 மிமீதான். 200 எஃப் 2.8-க்கு 71 மிமீ. கிரிக்கெட் மைதானத்தில் டிவியில் பார்க்கிறீர்களே, 400 எஃப் 2.8, அதற்கு 143 மிமீ. அவ்வளவு அகலத்துக்கு முன்கண்ணாடி கடைந்தாக வேண்டும். நிக்கானின் 400 எஃப் 2.8இ 3.8 கிலோ எடை இருப்பதும், விலை பல லட்சத்தில் இருப்பதும் அதனால்தான். இந்தக் கணக்கை யாரும் ஏமாற்ற முடியாது. மலிவான டெலி என்றால் எங்கோ வாசலைச் சின்னதாக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதனால்தான் உங்களைப் பக்கத்தில் போகச் சொல்கிறேன். நீங்கள் எடுப்பது பக்கத்தில் போக முடிகிற விளையாட்டு. உங்கள் ஊரில் நடக்கும் வாலிபாலும் அப்படித்தான், 18-க்கு 9 மீட்டர் களம், நெட் கம்பத்துக்குப் பக்கவாட்டில் தள்ளி நின்றால் 85-க்குக் கச்சிதமாக அமையும். டென்னிஸ் பந்துக் கிரிக்கெட் மட்டும் வராது. அதை இப்போதைக்குப் பகல் ஆட்டங்களில் 70-300 வைத்து எடுங்கள்.

சிக்மா 50-100 எஃப் 1.8 என்று ஒன்று உண்டு, உங்கள் மாதிரி சின்ன சென்சார் பாடிகளுக்காகவே செய்தது. காகிதத்தில் பார்த்தால் கபடிக்கென்றே பிறந்த லென்ஸ். ஒன்றரை கிலோ எடை, உங்கள் பாடியில் ஃபோகஸைத் திருத்திக்கொள்ள வசதியும் இல்லை. தெரிந்தவரிடம் இருந்தால் ஒரு நாள் வாங்கிப் பாருங்கள், அதற்கு மேல் நான் தள்ள மாட்டேன்.

உங்கள் முதலாளி சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. டி5600-ல் 39 ஃபோகஸ் புள்ளிகள், நொடிக்கு 5 படம். டி500-ல் 153 புள்ளிகள், நொடிக்கு 10 படம், ஓடுகிற ஆளைப் பிடிப்பதில் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம். ஆனால் இருட்டில் அந்த சென்சார் தரும் லாபம் ஒரு ஸ்டாப்கூட இல்லை. ஃபுல் ஃபிரேம் என்னும் பெரிய சென்சார் பாடிக்குப் போனால் ஏறக்குறைய ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு கிடைக்கும். லென்ஸ் மாற்றினால் பன்னிரண்டு மடங்கு. முதலில் எதில் பணம் போடுவது என்பதை அவருக்கும் இந்தக் கணக்கைக் காட்டிச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்வார். தவிரவும், நாளைக்கு நீங்கள் நிக்கானின் மிரர்லெஸ் கேமராவுக்குப் போனாலும் நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் இந்த 85 ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும்.

ஃபிளாஷ் வேண்டாம். பாடி வருபவர் எதிரில் ஏழு பேரின் கையையும் காலையும் கவனித்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் கண்ணில் வெளிச்சம் அடித்தால் அவருக்கு ஒரு பாயிண்ட் போகும், விழுந்து அடிபடவும் கூடும். நடுவர் உங்களை எழுப்பி அனுப்பினால் அவர் செய்வதுதான் சரி. கோப்பை கொடுக்கும்போது தாராளமாகப் போடுங்கள்.

லென்ஸ் வந்த பிறகு முதல் ஆட்டத்துக்கு இப்படி ஆரம்பியுங்கள். மோடு எம் (எல்லாவற்றையும் நீங்களே வைப்பது), எஃப் 2, 1/800, ஐஎஸ்ஓ 4000, ரா ஃபைல் (கேமரா திருத்தாமல் தரும் மூலக் கோப்பு). ஆட்டோ மோடை நம்பாதீர்கள். களத்துக்கு வெளியே கும்மிருட்டு என்பதால் கேமரா ஏமாந்து, ஆட்டக்காரரை வெளுப்பாக்கிவிடும். ஆட்டம் தொடங்குமுன் வீரர்களை அறிமுகம் செய்து கைகொடுக்கும் நேரம் உங்களுக்குச் சும்மா கிடைக்கும் பரிசு. நடுக்கோட்டில் நிற்பவரை ஒரு படம், கார்னரில் நிற்பவரை ஒரு படம் எடுத்து, முகத்தின் வெளிச்சத்தைப் பாருங்கள். கம்பங்கள் மூலையில் இருப்பதால் நடுவில் வெளிச்சம் குறைவாகத்தான் இருக்கும். நடுவுக்குத் தகுந்தபடி வைத்துவிட்டு, கார்னரில் கொஞ்சம் வெளுத்தால் பிறகு கம்ப்யூட்டரில் இறக்கிக்கொள்ளலாம். ஐஎஸ்ஓ ஏற்றப் பயந்து இருட்டாக எடுத்து, பிறகு வெளுப்பாக்கினால்தான் புள்ளி அதிகம் வரும். ஃபோகஸை ஏஎஃப்-சி-யில் (நகரும் ஆளைத் தொடரும் முறையில்) வைத்து நடுவில் இருக்கும் புள்ளிகளை மட்டும் பயன்படுத்துங்கள். டி5600-ல் நடுவில் உள்ள 9 புள்ளிகள்தான் குறுக்கும் நெடுக்குமாகப் பார்க்கும் கூர்மையான புள்ளிகள். 24 மெகாபிக்சல் இருக்கிறது, கிராப் செய்து ஃபிரேமைச் சரிசெய்யத் தாராளமாக இடம் உண்டு.

இன்னொரு விஷயம் உங்களைக் குழப்பப் போகிறது, முன்பே சொல்லிவிடுகிறேன். 1/800-க்கு வந்ததும் அடுத்தடுத்து எடுத்த மூன்று படங்களில் ஒன்று பளிச்சென்றும், ஒன்று மங்கலாகவும், ஒன்று மஞ்சளாகவும் வரலாம். லென்ஸ் கெட்டுவிட்டது என்று பதறாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் எரியும் மெட்டல் ஹாலைடு விளக்கும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். 1/125-ல் அது சராசரியாகிவிடுவதால் இதுவரை உங்களுக்குத் தெரியவில்லை. 1/800-ல் அந்த அலையின் ஒரு துண்டைத்தான் பிடிக்கிறீர்கள். டி7500, டி500 போன்ற பாடிகளில் இதைப் பார்த்து நேரம் பொருத்தி எடுக்கும் வசதி உண்டு, டி5600-ல் படம் எடுக்கும்போது கிடையாது. நீங்கள் செய்யக்கூடியது, முக்கியமான பிடிக்கு ஒரு படத்தோடு நிற்காமல் நாலு படம் தொடர்ச்சியாக எடுப்பது. அதில் ஒன்றாவது வெளிச்சம் உச்சியில் இருக்கும்போது விழ வாய்ப்பு உண்டு. மாலையிலேயே போய் விளக்குப் போட்டதும் ஸ்கோர் போர்டைப் பத்துப் படம் தொடர்ந்து எடுத்துப் பார்த்தால் அன்றைய விளக்கு எப்படி என்று தெரிந்துவிடும்.

புள்ளி விழுவதைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள். 2023-ல் லைட்ரூம் மென்பொருளில் வந்த, புள்ளி நீக்கும் டீனாய்ஸ் வசதி, ரா ஃபைலில் ஐஎஸ்ஓ 4000 படத்தை நன்றாகவே சுத்தம் செய்துவிடும். ஆனால் அலுங்கிய கையை எந்த மென்பொருளும் சரியாகத் திருப்பித் தராது. அதனால் இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டி வந்தால் ஷட்டர் ஸ்பீடை விடாதீர்கள்.

பழைய லென்ஸ் வாங்கும் பயம் நல்ல பயம்தான். ஆனால் 85 எஃப் 1.8ஜி மாதிரி ஜூம் இல்லாத சின்ன லென்ஸில் கெட்டுப்போக அதிகம் எதுவும் இல்லை. உங்கள் பாடியைக் கையோடு கொண்டுபோங்கள். இரண்டு பக்க மூடியையும் கழற்றி, ஒரு முனையிலிருந்து செல்போன் டார்ச் அடித்து மறுமுனையிலிருந்து பாருங்கள். ஒன்றிரண்டு தூசி இருந்தால் பரவாயில்லை. சிலந்தி நூல் போல மெல்லிய கிளைகள் ஓடினால் அது ஃபங்கஸ், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். மவுண்ட் (கேமராவில் மாட்டும் வளையம்) பக்கம் இருக்கும் ஸ்க்ரூக்களின் தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள், என்ன வேலை செய்தார்கள் என்று கேளுங்கள். அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கக் கூடாது. ஃபோகஸ் மோட்டார் அருகில் இருந்து தூரத்துக்கும், தூரத்திலிருந்து அருகுக்கும் தடங்கல் இல்லாமல், கீச்சென்ற சத்தம் இல்லாமல் ஓட வேண்டும்.

கடைசிப் பரிசோதனைதான் முக்கியமானது, அதைச் செய்யாமல் பணத்தை எண்ணாதீர்கள். கடைச் சுவரில் காலண்டர் மாட்டியிருக்கும். 6 மீட்டர் தள்ளி நின்று, எஃப் 1.8-ல், நடுப் புள்ளியை ஒரு தேதி எண்ணின் மேல் வைத்து ஆறேழு படம் எடுங்கள். ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டுத் திரும்பப் பிடியுங்கள். ஸ்க்ரீனில் முழுதாகப் பெரிதாக்கிப் பாருங்கள். எண்ணின் ஓரம் எல்லாப் படத்திலும் தெளிவாக இருந்தால் அந்த லென்ஸும் உங்கள் பாடியும் ஒத்துப்போகின்றன. எல்லாப் படமும் ஒரே மாதிரி மங்கலாக இருந்தால், லென்ஸ் நல்லதாகவே இருந்தாலும் உங்கள் பாடியோடு ஃபோகஸ் முன்னாலோ பின்னாலோ விழுகிறது என்று பொருள். டி7500 வைத்திருப்பவர் அதை மெனுவில் திருத்திக்கொள்வார். டி5600-ல் அந்த மெனு இல்லை, அதனால் அந்த லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னொன்றைக் கேளுங்கள். பில் கேளுங்கள், பில்லில் லென்ஸின் சீரியல் நம்பரை எழுதச் சொல்லுங்கள், ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஒரு வார்த்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். லென்ஸோடு ஹூட் (முன்னால் மாட்டும் வெளிச்ச மறைப்பு) வருகிறதா பாருங்கள். எதிர்க் கம்பத்து விளக்கு நேரே கண்ணாடியில் அடிக்கும்போது அது இல்லாமல் முடியாது. முன்னால் யூவி ஃபில்டர் மாட்டியிருந்தால் இரவில் கழற்றிவிடுங்கள், விளக்கின் பிம்பம் ஆட்டக்காரர் முகத்தில் வந்து விழும்.

70-200 ஆசை விடவில்லை என்றால் மதுரையிலோ கோவையிலோ ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, ஒரு வாலிபால் போட்டிக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். 85-ஐயும் பையில் வைத்திருங்கள். இரண்டிலும் ஒரே ஆட்டத்தை எடுத்து, அந்த ரா ஃபைல்களை எனக்கு அனுப்புங்கள். அடுத்து எதற்குச் சேமிக்கலாம் என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.